அமைதி மாத்திரையை விடுவோரின் தலைச்சுற்றல்: போதகர் அறிய வேண்டுவன

சேலம், நாமக்கல் சமவெளியில் சபை மக்களின் வீடுகளைச் சந்திக்கும் போதகர், படுக்கையின் தலைமாட்டிலோ சாமி படமில்லாத சுவர் மாடத்திலோ ஒரு சிறு மாத்திரை அட்டையை அடிக்கடி காண்கிறார். சிலர் அதனைத் 'தூக்க மாத்திரை' என்பர்; சிலர் 'நரம்பு மாத்திரை' என்பர். விசைத்தறியில் இரவு முறை பார்த்துப் பகலில் உறக்கம் வராதவர், முட்டை விலை சரிந்த மாதத்தில் கோழிப்பண்ணைக் கடனை எண்ணி விழித்திருந்தவர், கணவன் லாரியோடு வடநாடு சென்றபின் தனித்திருந்து அஞ்சியவர் ஆகிய பலருக்கும் ஏதோ ஒரு நாளில் அது துணையாக வந்து சேர்ந்தது. வந்த துணை போகவில்லை. சில வாரங்களுக்கென எழுதப்பட்ட மருந்து, பழைய சீட்டின் துணையால் சில ஆண்டுகளாகத் தொடர்ந்துவிடுகிறது.

பின்னர் ஒரு நாள் அவர் அதனை விட முயலுகிறார். அப்பொழுது தரை நகர்கிறது, சுவர் சாய்கிறது, படகில் நிற்பதுபோல உடல் ஆடுகிறது. இதனைக் குறித்து அவர் முதலில் மருத்துவரிடம் பேசுவதில்லை. பெரும்பாலும் போதகரிடமே பேசுகிறார். போதகர் அப்பொழுது என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய உயிரும் நின்றுவிடக்கூடும் அல்லது விழுந்துவிடக்கூடும். ஆகவே இப்பொருளை ஆராய்வது மருத்துவர் பணியில் தலையிடுவதன்று. நம் பணியின் எல்லையை நாமே அறிந்துகொள்வதாகும்.

1. ஒரு தவறும் அது கற்பித்த பாடமும்

நம் தவறிலிருந்தே தொடங்குவது முறை. பல ஆண்டுகளுக்கு முன் இச்சமவெளியிலுள்ள ஒரு சபையில் நாம் ஊழியஞ்செய்த நாட்களில், நெசவாளர் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் எட்டு ஆண்டுகளாக இத்தகைய மாத்திரையை உட்கொண்டு வந்தார். உயிர்மீட்சிக் கூட்டம் ஒன்றின் முடிவில், இனி அது வேண்டா என்று தீர்மானித்து, கையிலிருந்த அட்டைகளைக் கிணற்றில் எறிந்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் நாம் அதனைச் சபையாருக்கு அறிவித்து, அவருடைய விசுவாசத்தைப் புகழ்ந்தோம்.

அதற்குள்ளாகவே அவருக்குத் தலைச்சுற்றல் தொடங்கியிருந்தது. "ஏனுங்கய்யா, தரையே நவுர்ற மாதிரி இருக்குதுங்க" என்று அவர் சொன்னபொழுது, இது சோதனை, பொறுத்திரும் என்றோம். மருத்துவரிடம் செல்லுமாறு சொல்லவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்துக் குளியலறையில் அவருக்கு வலிப்பு வந்தது; விழுந்ததில் நெற்றி பிளந்தது. மருத்துவமனையில் உயிர் காக்கப்பட்டது. கட்டோடு படுத்திருந்தவர் நம்மைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி இது: "என் விசுவாசம் பத்தலைங்களா ஐயா?"

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. அவருடைய விசுவாசத்தில் குறையில்லை, நம்முடைய அறிவிலேதான் குறை என்பதைப் பின்னரே கற்றோம். கற்றவற்றை இளம் போதகர்களுக்கும் இறையியல் மாணவருக்கும் கடமையெனக் கருதி இங்குத் தொகுத்துரைக்கிறோம்.

2. இம்மருந்துகள் யாவை?

அமைதியூட்டும் மருந்துகளுள் பெரும்பாலானவை பென்சோடயசெப்பின் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் முதல் மருந்தாகிய குளோர்டயசெப்பாக்சைடு, லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலாரால் ரோஷ் நிறுவனத்தில் கண்டறியப்பட்டு, 1960-இல் 'லிப்ரியம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-இல் 'வேலியம்' என்ற பெயரில் டயசெப்பாம் வந்தது. நம் நாட்டில் டயசெப்பாமைப் பலர் 'கால்ம்போஸ்' என்ற பெயரால் அறிவர். பின்னர் லோரசெப்பாம், குளோனசெப்பாம், அல்பிரசோலாம் முதலியன வந்தன. இவற்றிற்கு முன் வழங்கிய பார்பிட்டுரேட் மருந்துகளைவிட இவை ஆபத்துக் குறைந்தவையாக இருந்தமையால் உலகெங்கும் விரைவாகப் பரவின.

இவை தம்மளவில் தீயவை அல்ல. வலிப்பை நிறுத்தவும், அறுவைக்கு முன் அச்சத்தைத் தணிக்கவும், குடியை விடுவோருக்கு வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கவும் இவை உயிர்காக்கும் மருந்துகளாகப் பயன்படுகின்றன. நீண்டகாலம் தொடர்ந்து உட்கொள்ளும்பொழுதே இடர் தோன்றுகிறது. இதனை உணர்ந்து, பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-இல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவற்றைப் பயன்படுத்தலாகாது என அறிவுறுத்தியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல், சார்பு நிலையையும் திடீரென நிறுத்துவதன் ஆபத்தையும் குறித்து, மருந்தின் விவரக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. இந்தியாவில் டயசெப்பாம், அல்பிரசோலாம் முதலியவை 2014 முதல் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணையில் அடங்குகின்றன. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்வது நன்று. அடிமைத்தனம் வேறு, உடலின் சார்பு வேறு. இன்பம் தேடி அளவை மேலும் மேலும் உயர்த்துபவர் நிலை ஒன்று; மருத்துவர் எழுதிய அளவையே ஆண்டுக்கணக்காக உட்கொண்டு, உடல் அதற்குப் பழகிப்போனவர் நிலை மற்றொன்று. பின்னவரைக் குடிகாரரோடு சேர்த்துப் பேசுவது அநீதி. இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சராயிருந்தபொழுது, 1937 அக்டோபர் முதல் நாளில் மதுவிலக்கு முதன்முதல் நடைமுறைக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்திலேதான். கள்ளுக்கடைக்குச் செல்பவரை ஊர் காணும். அவருக்காகச் சபை மன்றாடும். மாத்திரைக்குப் பழகியவரையோ எவரும் காண்பதில்லை. அவர் தம் சமையலறையிலேயே தனித்துப் போராடுகிறார்.

3. தலை ஏன் சுற்றுகிறது?

நாம் நேராக நிற்பதற்கு மூன்று சாட்சிகள் ஒத்துச் சொல்ல வேண்டும். முதற் சாட்சி கண். இரண்டாம் சாட்சி உட்செவி: அங்கு ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அரைவட்டக் குழல்களும், அவற்றின் அடியில் நுண்ணிய சுண்ணப் படிகங்களைத் தாங்கிய இரு பைகளும் உள்ளன. தலை திரும்பும்பொழுது குழல்களிலுள்ள நீர் அசைந்து செய்தி அனுப்புகிறது. மூன்றாம் சாட்சி கால்: பாதம், கணுக்கால், கழுத்து ஆகியவற்றின் தசைகளும் மூட்டுகளும் உடல் எவ்வாறு நிற்கிறதென்று அறிவிக்கின்றன. மூளையின் தண்டும் சிறுமூளையும் இம்மூன்று சாட்சியங்களையும் ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்கின்றன. சாட்சிகள் முரண்பட்டால், அல்லது சாட்சியத்தை மூளை மிகைப்படுத்திக் கேட்டால், உலகம் சுழல்வதாகத் தோன்றுகிறது.

நரம்புகளைத் தூண்டும் பொருள்களும் அடக்கும் பொருள்களும் மூளையில் உள்ளன. அடக்கும் பொருள்களுள் முதன்மையானது 'காபா' எனப்படுவது. நாமக்கல் வாசகருக்கு லாரியைக் கொண்டு சொல்வது எளிது. காபா என்பது பிரேக். பென்சோடயசெப்பின் அந்தப் பிரேக்கின்மேல் மற்றொரு பாதத்தையும் வைத்து அழுத்துகிறது. மாதங்கள் செல்லச் செல்ல, வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை நம்பி, மூளை தன் சொந்தப் பிரேக்கின் வலிமையைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், பிரேக் தேய்ந்த வண்டி சரிவில் விடப்பட்டதை ஒக்கும். நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் ஓடிவிடுகிறது, ஒளியும் ஒலியும் தாங்கமுடியாதவை ஆகின்றன. உட்செவியின் செய்தியைப் பெறும் மூளைத்தண்டின் நரம்பணுக்களும் காபாவினால் அடக்கப்படுபவையே. ஆதலின் அவையும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்து, சிறு அசைவையும் பெரும் சுழற்சியாக அறிவிக்கின்றன. வலிப்பு வருவதும் இதே காரணத்தால்தான்.

எனவே இத்தலைச்சுற்றல் கற்பனையும் அன்று, கோழைத்தனமும் அன்று. காதில் நோயின்றியே வரக்கூடியது. மூளை தன் பிரேக்கை மீண்டும் கட்டிக்கொள்ளும் காலத்தில் உண்டாகும் தடுமாற்றம் அது. விரைவில் உடலைவிட்டு நீங்கும் அல்பிரசோலாம், லோரசெப்பாம் முதலியவற்றை நிறுத்தினால் ஓரிரு நாட்களில் தொடங்கக்கூடும். பல நாட்கள் உடலில் தங்கும் டயசெப்பாமை நிறுத்தினால் ஒரு வாரம் வரையும் தாமதிக்கலாம். பலருக்குச் சில வாரங்களில் தணிகிறது. நீண்டகாலம் உட்கொண்டவருள் சிலருக்கு மாதக்கணக்கில் அலையலையாக வந்து போகிறது. நல்ல நாள் வந்தபின் தீய நாள் வருவது, முயற்சி தோற்றதற்கு அடையாளமன்று. குணமாகும் வழியே அத்தகையது.

4. மெதுவாக இறங்குதல்

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே ஏறிய லாரியை நியூட்ரலில் விட்டு இறக்கும் ஓட்டுநர் இல்லை. குறைந்த கியரில் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் வேகத்தை அடக்கியே இறக்குவார். ஆண்டுக்கணக்காக ஏறிய மருந்திலிருந்து இறங்கும் வழியும் அதுவே.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளை விட விரும்புவோருக்கென ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். நோயாளிகள் கூறியவற்றைப் பொறுமையுடன் கேட்டுக் கற்ற அவர், 1999-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பது, விரைவை நோயாளியின் நிலைக்கேற்ப அமைப்பது, தேவையானவருக்குக் குறுகிய நேரம் செயல்படும் மருந்திலிருந்து டயசெப்பாமுக்குப் படிப்படியாக மாற்றுவது ஆகியவை அவர் முறையின் சாரம். 2025-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட நெறிமுறையும், தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைப்பதைப் பரிசீலிக்கலாம் என்றும், இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டிற்கு மேல் குறைக்கலாகாது என்றும் கூறுகிறது. அதாவது நாள்தோறும் 10 மில்லிகிராம் டயசெப்பாம் உட்கொள்பவர், முதற்படியில் ஒன்பதுக்கோ ஒன்பதரைக்கோ இறங்குகிறார். அவ்விடத்தில் உடல் நிலைபெற்ற பின்னரே அடுத்த படி. தலைச்சுற்றல் மிகுந்தால் அதே படியில் சில வாரம் நிற்கலாம். நிற்பது தோல்வியன்று.

இவ்வளவும் மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டுவன. போதகர் அளவு சொல்லலாகாது. எண்ணைக் கண்டு ஏமாறுவது எளிது: ஆஷ்டனின் கணக்குப்படி அல்பிரசோலாம் அரை மில்லிகிராம், டயசெப்பாம் 10 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய ஈடாகும். 'அரை மில்லிதானே' என்று விட்டுவிடுபவர் சிறியதொன்றை விடுவதாக எண்ணிப் பெரியதொன்றை விடுகிறார். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை வீட்டில் கத்தியால் அறுப்பதும் தவறு. முன்பு வலிப்பு வந்தவர், கருவுற்றவர், மது அருந்துபவர், மிகுந்த அளவில் உட்கொள்பவர், முதியோர் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சிலரை மருத்துவமனையில் சேர்த்தே குறைக்க நேரிடும். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

5. சுற்றும் நாட்களில் செய்யத்தக்கவை

(அ) விழாமல் காத்தல். இதுவே முதற் கடமை. பாயில் படுத்திருப்பவர் சட்டென எழலாகாது. ஒருக்களித்து, கையூன்றி அமர்ந்து, சிறிது பொறுத்து, முழந்தாளிட்டு, சுவரைப் பற்றி எழவேண்டும். குளியலறையில் ஈரம் இருத்தலாகாது. முக்காலியில் அமர்ந்து குளிப்பது நன்று. கதவை உள்ளே தாழிடவேண்டா. இரவில் சிறு விளக்கு எரியட்டும். இருளில் கண்ணென்னும் சாட்சி இல்லாமையால் தடுமாற்றம் மிகுகிறது. நம் பகுதியின் கைப்பிடிச் சுவரில்லாத தோட்டக் கிணறுகளின் ஓரம், ஏணி, கொதிக்கும் பாத்திரம் இருக்கும் அடுப்பு, ஓடும் தறி ஆகியவற்றை விட்டு விலகியிருத்தல் வேண்டும். தலை சுற்றும் நாட்களில் இருசக்கர வாகனமோ லாரியோ ஓட்டலாகாது. இதனால் கூலி இழப்பு நேரும் என்பதை நாம் அறிவோம். அவ்விழப்பைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

(ஆ) சுழற்சி வரும் நேரம். அமர்ந்துகொண்டு, வெறும் பாதங்களைத் தரையில் நன்கு ஊன்றி, ஒரு கையைச் சுவரில் வைத்து, அசையாத ஒரு பொருளில் கண்ணை நிறுத்தவேண்டும். அச்சத்தால் மூச்சு விரைகிறது. விரைந்த மூச்சு இரத்தத்திலுள்ள கரியமில வாயுவைக் குறைத்து, தலைச்சுற்றலை மேலும் வளர்க்கிறது. ஆதலின் மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக, மெதுவாக வெளியே விடப் பழகுவது நன்று. 'இது மருந்து குறைவதால் வருவது. இது தணியும்' என்று அறிந்திருப்பதே பாதி மருந்து.

(இ) படுத்தே கிடவாமை. இது பலருக்கு வியப்பாயிருக்கும். தலை சுற்றுகிறவர் அசையாமல் கிடக்கவே விரும்புவார். வீட்டாரும் அதனையே சொல்வர். எனினும் மூளை அசைவினாலேயே நிலைநிற்கக் கற்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் காதுநோய் மருத்துவர் காவ்தோர்னும், உடலியக்க மருத்துவர் குக்சியும், தலையில் காயமுற்றவருக்கெனச் சில பயிற்சிகளை வகுத்தனர். அவை இன்றும் பல வடிவில் வழங்குகின்றன. தலையை அசைக்காமல் கண்ணை மேலும் கீழும், பக்கவாட்டிலும் செலுத்துதல், விரலைக் கண்ணால் பின்தொடர்தல், தலையை மெதுவாகத் திருப்புதல், அமர்ந்து எழுதல், ஒரு பந்தைக் கைமாற்றி எறிந்து பிடித்தல், பின்னர் துணையோடு நடத்தல் என்பன அவற்றின் படிகள். இவை காது, தலைக் காயம் ஆகியவற்றால் வரும் தலைச்சுற்றலுக்கென எழுந்தவை. மருந்து விடுவோருக்கு ஏற்றவையா என்பதை மருத்துவரோ உடலியக்கப் பயிற்சியாளரோ கண்டு சொல்லட்டும். எவ்வாறாயினும், திண்ணையில் ஐந்து நிமிடம், நாளில் சிலமுறை, உடன் ஒருவர் நிற்க நடப்பது பெரும்பாலோருக்கு இயலும். சிறிது கிறுகிறுப்பது இயல்பு. வாந்தி வருமளவு முயல்வது வேண்டா.

(ஈ) உணவும் நீரும். பங்குனி, சித்திரை வெயிலில் நம் சமவெளியில் நீர் குறைந்த உடலுக்கு மருந்தில்லாமலே தலை சுற்றும். வேளை தவறாமல் உண்பதும், கம்பங்கூழ், மோர், தண்ணீர் ஆகியவற்றை அடிக்கடி அருந்துவதும் உதவும். காப்பியையும் தேநீரையும் குறைத்தல் நலம். மாத்திரைக்கு மாற்றாக மதுவை நாடுவது மிகக் கொடிது. இரண்டும் மூளையின் அதே பிரேக்கைத் தொடுவன.

(உ) வேறு மாத்திரை நாடாமை. தலைச்சுற்றலுக்கெனக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைத் தாமாகத் தொடர்ந்து உட்கொள்வது தகாது. புரோகுளோர்பெராசின், சின்னரிசின் முதலியவை சில நாள் பயன்படலாம். நீண்டகாலம் தொடர்ந்தால் மூளை நிலைநிற்கக் கற்பதைத் தாமதப்படுத்துவதோடு, முதியோருக்குக் கைந்நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் உண்டாக்கக்கூடும்.

(ஊ) ஒரு குறிப்பேடு. தேதி, மருந்தின் அளவு, தலைச்சுற்றலுக்குச் சுழியம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுவது நன்று. அதனை நாள்தோறும் ஆராயாமல், மாதத்திற்கு ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். நாளைக் கொண்டு பார்ப்பவர் சோர்வார். மாதத்தைக் கொண்டு பார்ப்பவர் முன்னேற்றத்தைக் காண்பார்.

6. எல்லாத் தலைச்சுற்றலும் இதுவன்று

மாத்திரையை விடுகிறவருக்கு வேறு நோயும் வரலாம். படுக்கையில் புரளும்பொழுது மட்டும் சில நொடிகள் சுழல்வது, உட்செவியின் படிகங்கள் இடம்பெயர்ந்ததால் இருக்கலாம். 1980-இல் எப்லி என்னும் மருத்துவர் வகுத்த முறைப்படி தலையைத் திருப்பி அதனைச் சில நிமிடங்களில் சரிசெய்ய இயலும். இரத்தச் சோகை, குறைந்த சர்க்கரை, எழும்பொழுது தாழும் இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் மருத்துவர் சோதிக்கட்டும். முகமோ கைகாலோ ஒருபுறம் தளர்தல், பேச்சுக் குழறல், பொருள்கள் இரட்டையாகத் தோன்றல், திடீரெனக் காது கேளாமை, இதுவரை காணாத தலைவலி, நெஞ்சுவலி, வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஜெபத்திற்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஜெபத்தை வண்டியில் செல்லும்பொழுதும் செய்யலாம்.

7. சபையின் பங்கு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தினரும் உடன் தங்குவதென்ற முறை அங்கு வேரூன்றியது. மனம் தளர்ந்தவரைத் தனிமைப்படுத்தாமல், அவரைச் சூழ்ந்தவரையும் குணமாக்குதலில் பங்குகொள்ளச் செய்வதே அதன் உட்பொருள். இதனைச் சபையும் கற்கலாம்.

முதலாவது, மாத்திரையை எறிந்துவிடுமாறு எவருக்கும் சொல்லோம். எறிந்ததாகச் சாட்சி சொல்ல மேடை தரோம். மருத்துவருடன் இசைந்து ஓராண்டு உழைத்துக் குறைத்தவரின் சாட்சியே நமக்கு வேண்டுவது. அதையும் அவர் விரும்பினாலன்றிக் கேளோம். இரண்டாவது, மருந்தைக் குறைத்துவரும் நாட்களில் உபவாசமும் முழு இரவு ஜெபமும் அவருக்கு ஏற்றவையல்ல. பசியும் விழிப்பும் தலைச்சுற்றலை வளர்ப்பன என்று போதகரே முன்வந்து சொல்லி அவரை விடுவிக்க வேண்டும். மூன்றாவது, ஆராதனையில் நிற்கவும் முழந்தாளிடவும் இயலாதவர் அமர்ந்தே வழிபடலாம் என்று பொதுவாக அறிவித்துவிட்டால், ஒருவரும் தனித்துக் காணப்படமாட்டார். நான்காவது, வீடு சந்திப்புச் சுருக்கமாக இருக்கட்டும். ஒளியும் ஒலியும் தாங்காதவரிடம் பத்துப்பேர் சென்று பாடுவது இரக்கமாகாது. ஐந்தாவது, கேட்டதைப் பிறரிடம் சொல்லலாகாது. 'நரம்பு மாத்திரை சாப்பிடுகிறவள்' என்ற பேச்சு ஒரு மகளின் திருமணத்தையே தடுக்கும் ஊர்களில் நாம் வாழ்கிறோம்.

ஆறாவதாக, முன்னர்ச் சொன்ன கூலி இழப்பு. ஓட்டுநர் மூன்று மாதம் வண்டி எடுக்காமலிருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அவ்வச்சத்தாலேயே பலர் மாத்திரையை விடத் துணிவதில்லை; அல்லது ஒரே நாளில் விட்டு விழுகின்றனர். மெதுவாக இறங்குவதற்குக் காலம் வேண்டும்; காலத்திற்குப் பணம் வேண்டும். ஒரு சபை தன் காணிக்கையிலிருந்து ஒரு குடும்பத்துக்குச் சில மாதம் அரிசியும் பிள்ளைகளின் கட்டணமும் தருமானால், எந்தப் பிரசங்கமும் செய்யாத குணமாக்குதலை அது செய்ததாகும்.

முடிவுரை

சூரைச் செடியின்கீழ்ச் சாவை வேண்டிப் படுத்திருந்த எலியாவின் வரலாற்றை நாம் அறிவோம். அவனை நோக்கி வந்த தூதன் விசுவாசக் குறைவைச் சுட்டிக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டான், தொட்டு எழுப்பினான், அடையும் நீரும் தந்தான், மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் தந்தான். வழி அவன் வலிமைக்கு மிஞ்சியது என்பதை ஒப்புக்கொண்டான். அதன்பின் எலியா நாற்பது நாள் நடந்தான். மெல்லிய குரலைக் கேட்டது அந்நடைக்குப் பின்னரே.

நாம் தொடக்கத்தில் குறித்த பெண்மணி, மருத்துவர் ஒருவரின் துணையோடு மீண்டும் அம்மருந்தைத் தொடங்கி, ஓராண்டுக்கு மேலாக எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாக விட்டார். இடையே இருமுறை ஒரே படியில் மாதக்கணக்கில் நின்றார். அவர் மாமியார் காலையும் மாலையும் கைப்பிடித்து வாசலில் நடக்கச் செய்தார். சபையிலிருந்து நாம் செய்தது சிறிது. கேட்கக் கற்றுக்கொண்டோம், அவ்வளவே. இன்றும் சில நாட்களில் தரை நகர்வதுண்டு என்கிறார். அந்நாட்களில் அவர் கடைசி வரிசையில், சுவரோரமாக அமர்ந்துகொள்கிறார். எழுந்து நிற்கும்படி எவரும் அவரைக் கேட்பதில்லை.

மருத்துவமனையில் அவர் கேட்ட கேள்விக்கு நாம் பின்னொரு நாள் விடை சொன்னோம். குறை அவருடைய விசுவாசத்திலன்று, எங்கள் அறிவில் என்றோம். அவர் சிறிதுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாமுங்க ஐயா" என்றார். இக்கட்டுரையை வாசிக்கும் போதகர்கள் அதனை அப்பொழுதே சொல்லக்கூடியவராயிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.